ஹெட்போன் ஆம்ப்: ஒரு பேட்டரியா, இரண்டா?

கேள்வி: 32 ஓம் ஹெட்போனுக்குச் சின்னதாக ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் கட்ட ஆசை. சிமோய் சர்க்யூட் எளிதாகத் தெரிகிறது. ஆனால் அதற்குப் பரிந்துரைக்கப்படும் ஓபிஏ2134 ஐசி விலை அதிகம். அதே எட்டுக் கால் அமைப்பில் என்இ5532 மலிவாகக் கிடைக்கிறது. மாற்றிப் போடலாமா? ஒரு 9 வோல்ட் பேட்டரி போதுமா? சால்டரிங் ஓரளவு வரும்.

பதில்: மாற்றிப் போடலாம். ஆனால் ஒற்றைப் பேட்டரியோடு போடாதீர்கள். நீங்கள் கேட்ட இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை.

சூ மோய் வரைந்த அந்தச் சர்க்யூட்டில் ஒரே பேட்டரியை இரண்டு 4.7கே (கிலோ ஓம்) ரெசிஸ்டர்கள் பாதியாகப் பிரித்து, நடுவில் ஒரு போலி கிரவுண்டை (பூஜ்ய வோல்ட் புள்ளியை) உண்டாக்குகின்றன. சிக்னல் கரன்ட்டைக் கெபாசிட்டர்கள் பார்த்துக்கொள்ளும். டிசி (ஒரே திசையில் ஓடும்) கரன்ட் வந்தால் தாங்க அந்த ரெசிஸ்டர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. ஓபிஏ2134-இன் உள்ளீடு ஃபெட் (ஒருவகை டிரான்சிஸ்டர்) வகை, கரன்ட்டே எடுக்காது என்று சொல்லுமளவு குறைவு. என்இ5532-இன் உள்ளீடோ சுமார் 200 நானோஆம்பியர் இழுக்கும். சிமோயில் உள்ள 100கே உள்ளீட்டு ரெசிஸ்டரில் இது 20 மில்லிவோல்ட். 11 மடங்கு கெயினில் (பெருக்கத்தில்) பெருகி, வெளியீட்டில் 220 மில்லிவோல்ட் டிசி. அதை 32 ஓம் ஹெட்போன் வழியாகப் போலி கிரவுண்டில் கொண்டுபோய்க் கொட்டினால் நடுப்புள்ளி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். ஹெட்போன் மாட்டாமல் அளந்தால் 4.5, 4.5 என்று ஒழுங்காகக் காட்டும். மாட்டியதும் குரல் கரகரக்கும். ஐசியைக் குறை சொல்லிப் பயனில்லை.

எனவே என்இ5532 என்றால் இரண்டு 9 வோல்ட் பேட்டரி. ஒன்றின் மைனஸும் இன்னொன்றின் பிளஸும் சேருமிடம்தான் நிஜமான கிரவுண்ட். ஓபிஏ2134 கையில் கிடைத்தால் ஒற்றைப் பேட்டரி ஓடும். பெயர் மாற்றி அச்சிட்ட போலிகள் அந்த எண்ணில் நிறைய உலவுகின்றன என்பதை மட்டும் மனதில் வையுங்கள். சோதிக்க, ஆம்பை ஆன் செய்து 3-ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். நிஜ ஃபெட் ஐசி என்றால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். கீழே வரும் 22கே இணைப்பில் மைனஸ் 3, 4 மில்லிவோல்ட், சிமோயின் 100கே-யில் மைனஸ் 20 அளவு என்று நின்றால் மேலே எழுதியிருப்பது பொய்.

இனி இரட்டைப் பேட்டரிக்கான இணைப்பு. வால்யூமுக்கு 10கே ஸ்டீரியோ பாட் (திருகும் பொட்டென்ஷியோமீட்டர்), லாக் (லாகரிதமிக்) வகை. லீனியர் வாங்கினால் கால் திருப்பிலேயே காது அடைக்கும், மீதித் திருப்பு வீண். பாட்டின் நடுக்காலிலிருந்து 1 மைக்ரோஃபேரட் பாலியஸ்டர் கெபாசிட்டர் வழியாக ஐசியின் 3-ஆம் காலுக்கு. அங்கிருந்து கிரவுண்டுக்கு 22கே. 2-ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 1கே, 1-ஆம் காலிலிருந்து 2-க்கு 2.2கே. 1-ஆம் காலிலிருந்து 10 ஓம் வழியாக ஹெட்போன் சாக்கெட். மற்றச் சேனலுக்கும் இதே வரிசை: 3-க்குப் பதில் 5, 2-க்குப் பதில் 6, 1-க்குப் பதில் 7. பிளஸ் சப்ளை 8-ஆம் கால், மைனஸ் 4-ஆம் கால்.

கெயின் இதில் 3.2 மடங்கு. சிமோயின் 11 மடங்கு, இன்றைய போனுக்கும் லேப்டாப்புக்கும் தேவையே இல்லை. 32 ஓமில் என்இ5532 ஏறத்தாழ 30 மில்லிஆம்பியர் உச்சத்துக்குமேல் தராது. அதாவது சுமார் 14 மில்லிவாட். கேட்பதற்கு அது தாராளம். கெயினைக் கூட்டினால் இரைச்சலும் கிளிப்பிங்கும்தான் (ஒலி அலையின் உச்சி வெட்டுப்படுவதும்தான்) கூடும். கெயினைக் குறைத்து, 100கே-க்குப் பதில் 22கே போட்டதால் டிசியும் 14 மில்லிவோல்ட் அளவுக்கு இறங்கிவிடும். தாழ்ந்த ஒலி குறையாமலிருக்கத்தான் சிமோயின் 0.1 மைக்ரோஃபேரட்டை 1 ஆக்கினோம்.

சப்ளைக்கு 220 மைக்ரோஃபேரட், 25 வோல்ட் கெபாசிட்டர் இரண்டு. முதலாவதன் பிளஸ் கால் 8-ஆம் காலுக்கு, மைனஸ் கால் கிரவுண்டுக்கு. பலரும் தவறுவது இரண்டாவதில்: அதன் பிளஸ் கால் கிரவுண்டுக்கு, மைனஸ் கால் 4-ஆம் காலுக்கு. இவற்றோடு 8-க்கும் 4-க்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் ஒன்றை, ஐசி பேஸை (ஐசியைச் செருகும் சாக்கெட்டை) ஒட்டியே வையுங்கள். இதை விட்டால் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் ஆம்ப் தானாகவே அலறும். இசையே ஓடாதபோது ஐசி சுடுகிறது என்றால் அதுதான் அறிகுறி.

சுவிட்ச் ஆறு கால் உள்ளதாக இருக்கட்டும். முதல் பேட்டரியின் பிளஸையும் இரண்டாவதன் மைனஸையும் ஒரே அசைவில் துண்டிக்க வேண்டும். ஒரு பக்க சப்ளை மட்டும் உயிரோடிருந்தால் ஹெட்போனுக்குப் பல வோல்ட் டிசி போகும், அதன் கம்பிச்சுருள் கருகலாம். ஒரு பேட்டரி முந்திச் செத்தாலும் இதே ஆபத்து. ஆகவே இரண்டையும் ஒன்றாகவே புதிதாக மாற்றுங்கள். எல்இடியை 10கே ரெசிஸ்டரோடு இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து, 18 வோல்ட் குறுக்கே போடுங்கள். ஒன்றோடு மட்டும் போட்டால் அது முன்பே தீரும்.

டாட் போர்டில் (துளைகள் நிறைந்த சால்டரிங் பலகையில்) கட்டும்போது ஐசி பேஸ் கட்டாயம். முதலில் ஐசி இல்லாமல் ஆன் செய்து பாருங்கள்: கிரவுண்டிலிருந்து 8-இல் பிளஸ் 9, 4-இல் மைனஸ் 9. சரியென்றால் ஆஃப் செய்து, ஐசியின் வெட்டுக்குறி திசை பார்த்துச் செருகுங்கள். ஹெட்போனுக்குப் பதில் சாக்கெட்டில் சேனலுக்கு ஒரு 33 ஓம் ரெசிஸ்டர் மாட்டி டிசி அளங்கள். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 50-ஐத் தாண்டினால் 22கே, 1கே இவற்றில் எங்கோ தவறான மதிப்புள்ள ரெசிஸ்டர் மாட்டியிருக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் 22கே அல்லது 2.2கே-யில் சால்டர் ஒட்டவில்லை, ஐசி திருப்பியிருக்கிறது அல்லது ஒரு சப்ளை வரவில்லை. இது தேறிய பிறகும், முதலில் பழைய மலிவு இயர்போனைத்தான் மாட்ட வேண்டும்.

தகர டப்பாவில் அடைக்கிறவர்களுக்கு: சாக்கெட்டின் உலோகக் கழுத்து கிரவுண்ட். முதல் பேட்டரியின் பிளஸ் முனையோ இரண்டாவதன் மைனஸ் முனையோ டப்பாவில் உரசினால் ஷார்ட். உட்பக்கம் அட்டை ஒட்டிவிடுங்கள். வால்யூம் குமிழைத் தொட்டால் மட்டும் ஹம் வருகிறதா? பாட்டின் உலோக உடலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஒயர் போதும்.

ஒற்றைப் பேட்டரி வகையைப் பின்னாளில் கட்டினால், அதை அடாப்டரில் ஓட்ட நினைக்க வேண்டாம். போன் சார்ஜ் ஆகும் அதே பவர்பேங்கிலிருந்து சப்ளை எடுத்தால் போனின் கிரவுண்டும் ஆம்பின் மைனஸும் ஒன்றாகிவிடும், போலி கிரவுண்ட் அப்போதே ஷார்ட்.

ஆன், ஆஃப் செய்யும்போது 'டப்' என்று ஒரு சத்தம் வரும். இந்தச் சர்க்யூட்டில் அது இயல்பு. ஆன் செய்து இரண்டு நொடி கழித்து ஹெட்போனைச் செருகுங்கள், ஆஃப் செய்யுமுன் கழற்றிவிடுங்கள்.