புதிதாக வந்திருக்கும் அகதிக் குடும்பங்களுக்கு உதவ ஒரு குழு தொடங்குகிறோம், எதில் ஆரம்பிக்கலாம்?

துணிமணி, பாத்திரம் சேகரிப்பதில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேகரியுங்கள், தேவைதான். ஆனால் அதைவிட அவசரமாக வேண்டியது, கூடவே போக ஓர் ஆள். தன்னார்வலராக இந்த வேலையில் சில வருடங்களாக இருப்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

வந்த புதிதில் ஒரு குடும்பம் ஏறி இறங்க வேண்டிய படிகள் கொஞ்சநஞ்சமல்ல. குடிவரவு அலுவலகம், வங்கி, மருத்துவப் பதிவு, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சேர்க்கை. உரிமை இல்லாமல் இல்லை. தொடக்கக் கல்வியில் அகதிப் பிள்ளைகளைச் சொந்தக் குடிமக்களைப் போலவே நடத்த வேண்டும் என்று 1951 அகதிகள் உடன்படிக்கையே சொல்கிறது. ஆனால் எந்த அலுவலகம், எந்தத் தாள் என்று தெரியாமல் வரிசையில் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் நிறையப் பேர்.

அப்புறம் மொழிபெயர்ப்பு. தயவுசெய்து பிள்ளைகளை மொழிபெயர்க்க விடாதீர்கள். பிள்ளைகள் சீக்கிரம் மொழியைப் பிடித்துக்கொள்வதால் அந்தச் சுமை தானாகவே அவர்கள் தலையில் விழுந்துவிடுகிறது. ஒரு பெண்ணோடு மருத்துவரிடம் போயிருந்தேன். மருத்துவர் மாதவிடாய் பற்றிக் கேட்கிறார், பக்கத்தில் பள்ளிச் சீருடையில் மகன். தரையைப் பார்த்தபடி, "அம்மாவுக்கு வயிறு வலிக்குதாம்" என்று மட்டும் சொன்னான். பையனை வெளியே உட்காரவைத்துவிட்டு, தொலைபேசியில் ஒரு பெண் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்த பிறகுதான் மாதக்கணக்கில் இரத்தப்போக்கு இருந்தது தெரியவந்தது. ஆஸ்திரேலியாவில் இப்படித் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பு 1973லேயே வந்துவிட்டது. உங்கள் பகுதியில் அந்த வசதி உண்டா என்று விசாரியுங்கள். இருந்தால், நாள் குறிக்கும்போதே மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள்.

சட்ட விஷயத்தில் மட்டும் நீங்களாக ஆலோசனை சொல்லாதீர்கள். புகலிட விண்ணப்பத்துக்குக் காலக்கெடு இருக்கலாம். அமெரிக்காவில், சில விதிவிலக்குகள் தவிர, வந்த ஒரு வருடத்துக்குள் போட்டாக வேண்டும். இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்ற பட்டியலை முதல் வாரமே தயாராக வையுங்கள். "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டு வரும் தரகர்கள் இருப்பார்கள். ஐ.நா. அகதிகள் உயர் ஆணையத்தின் சேவை எதற்கும் கட்டணமே கிடையாது என்பதையும் குடும்பங்களிடம் சொல்லிவையுங்கள்.

சிறு குழுவால் என்ன ஆகும் என்று தயங்க வேண்டாம். 1979-80இல் வியட்நாம், லாவோஸ், கம்போடியாவிலிருந்து கனடாவுக்குப் போன சுமார் 60,000 பேரில் பாதிக்கும் மேற்பட்டோரைப் பொறுப்பேற்றவர்கள், தேவாலயங்களும் அக்கம்பக்கத்தார் சேர்ந்த குழுக்களும்தான்.

பழகத் தொடங்கியதும் "அங்கே என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். அதிகாரிகளிடம் அதை ஏற்கெனவே திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்திருப்பார்கள். தோன்றினால் அவர்களே சொல்வார்கள்.

சரி, முதல் கூட்டத்தில் வார நாளில் பகலில் யாருக்கு நேரம் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக வேலையெல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும். ஓய்வு பெற்றவர்கள் இரண்டு மூன்று பேர் கிடைத்தால் விடாதீர்கள்.