இருபது நிமிடத் தூக்கத்துக்கும் மாஸ்க் வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 42. கோவையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறேன். மாலை 6 மணிக்குத் தொடங்கி அதிகாலை 3 மணிக்கு முடியும். போன ஆண்டு தூக்கப் பரிசோதனையில், தூக்கத்தில் மணிக்கு 34 முறை மூச்சு தடைபடுகிறது என்று சொல்லி, மாஸ்க் வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சி-பாப் கருவி கொடுத்தார்கள். பகலில் ஒரு தேர்வுக்குப் படிக்க நேரம் தேவைப்படுவதால், 'எவ்ரிமேன்' என்ற முறையை மூன்று வாரமாகப் பின்பற்றுகிறேன். சேர்ந்தாற்போல் 3 மணி நேரம், பிறகு இருபது இருபது நிமிடமாக மூன்று குட்டித் தூக்கம். பெரிய தூக்கத்துக்கு மட்டும் மாஸ்க் போடுகிறேன். குட்டித் தூக்கத்தில் கண்ணை மூடியதுமே கனவு வருகிறது. உடல் பழகிவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். மாஸ்க் 4 மணி நேரம் போட்டால் போதும் என்றும் படித்தேன். பழங்கால மனிதர்களும் தூக்கத்தைப் பிரித்துத்தானே தூங்கினார்கள்? ஒரே ஒரு சங்கடம், சென்ற வாரம் வீடு திரும்பும்போது சிக்னலில் பைக்கில் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிட்டேன்.
- வாசகர், கோவை

பதில்: சிக்னல் விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். இன்றிலிருந்து பைக் சாவியை வீட்டில் வைத்துவிட்டு, அலுவலக வாகனத்திலோ ஆட்டோவிலோ போய்வாருங்கள். பகலிலும் ஓட்ட வேண்டாம். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அடுத்தது கனவு. சாதாரணமாகப் படுத்தால் கனவு மிகுந்த உறக்கத்தை எட்ட ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். உங்களுக்குப் படுத்ததுமே வருகிறது என்றால், நாலு நாள் பட்டினி கிடந்தவர் இலையில் சோறு விழுமுன்பே கையை நீட்டுகிறார் என்று பொருள். இதைப் பழக்கம் என்று எழுதுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கனவு உறக்கத்தில்தான் உடலின் தசைகள் மிகவும் தளர்கின்றன, தொண்டையும் அப்படியே. அதனால் பலருக்கு அப்போது மூச்சுத் தடை கூடுதல் நேரம் நீடிக்கும், ஆக்சிஜனும் இன்னும் கீழே இறங்கும். நீங்களோ அந்தக் கட்டத்தை மாஸ்க் இல்லாத நேரத்துக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் 34-ஐயே எடுத்துக்கொள்வோம். 30-க்கு மேல் போனால் தீவிர நிலை என்பது மருத்துவக் கணக்கு. ஒவ்வொரு தடையும் குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் அது எண்ணிக்கையிலேயே சேரும். மாஸ்க் இல்லாமல் 20 நிமிடம் அயர்ந்தால், சராசரியாக 11 முறை மூச்சு நிற்கிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. இரண்டு நிமிடத்துக்குள் ஒரு தடை. கடிகாரம் வைத்து நீங்கள் துண்டு போடுவதற்கு முன்பே, உங்கள் தொண்டை அந்தத் தூக்கத்தைத் துண்டு போட்டு முடித்துவிடுகிறது. எனவே தலைப்பிலுள்ள கேள்விக்கு என் பதில்: வேண்டும். பஸ்ஸில் சன்னலோரம் தலை சாய்வதைப் பற்றி நான் பேசவில்லை. தூங்க வேண்டும் என்று முடிவுசெய்து படுக்கும் ஒவ்வொரு முறையும் வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. கருவியில் 'ராம்ப்' என்று ஓர் அமைப்பு இருக்கும். எடுத்த எடுப்பில் காற்று முகத்தில் அடிக்காமல், குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல மெல்ல ஏற்றும். அதை 30 நிமிடத்துக்கு வைத்திருந்தால், உங்கள் 20 நிமிடத் தூக்கத்தில் மருத்துவர் குறித்துக் கொடுத்த அழுத்தம் வந்து சேர்வதற்குள் அலாரம் அடித்துவிடும். மாஸ்க்கும் போட்டிருப்பீர்கள், பலனும் இருக்காது.

நான்கு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது தெரியுமா? 30 நாட்களில் 70 சதவீத நாட்களிலாவது 4 மணி நேரம் கருவியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் காப்பீட்டுப் பணம் தருவதற்காக வைத்துள்ள வரம்பு. கருவி மூலையில் தூசி படிந்து கிடக்கிறதா என்று பார்ப்பதற்கான கணக்கு அது. பாஸ் மார்க்கை முழு மதிப்பெண் என்று நினைத்துக்கொண்டீர்கள்.

பழங்கால மனிதர்கள் பிரித்துத் தூங்கினார்கள் என்பது உண்மைதான். தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று இருந்ததை வரலாற்றாசிரியர் ரோஜர் எக்கிர்ச் எழுதியிருக்கிறார். ஆனால் அவர்கள் ஒரு முழு இரவை இரண்டாகப் பிரித்தார்கள். நான்கு மணி நேரத்தை நான்காக நறுக்கவில்லை.

ஆகவே, பிரிப்பதை நான் மறுக்கவில்லை. அளவைக் குறைப்பதைத்தான் மறுக்கிறேன். உங்கள் வேலை நேரத்துக்கு எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் தூங்குவது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. அதிகாலை 4 முதல் 9.30 வரை முதல் தூக்கம். பிற்பகல் 2.30 முதல் 4 வரை இரண்டாவது. மொத்தம் ஏழு மணி நேரம், இரண்டிலும் மாஸ்க். நடுவில் 10 முதல் 1 வரை புத்தகத்தை எடுங்கள். தூக்கம் பிடித்த மூளையோடு ஆறு மணி நேரம் புரட்டுவதைவிட இந்த மூன்று மணி நேரத்தில் கூடுதலாகப் படிக்கலாம். விடுமுறை நாளில் எல்லோரோடும் சேர்ந்து இரவு 10 மணிக்கே படுக்கத் தோன்றும். அன்றும் பின்னிரவு 2 மணி வரையாவது விழித்திருந்து படுத்தால்தான் திங்கட்கிழமை தடுமாறாமல் இருக்கும். சன்னலுக்குக் கனமான திரை போடுங்கள். உங்கள் தெருவில் காய்கறி வண்டியின் ஒலிபெருக்கி வராமலிருக்க நான் ஒன்றும் செய்ய முடியாது.

காபியை இரவு 10 மணியோடு நிறுத்துங்கள். அதன் பாதி வீரியம் இறங்கவே ஐந்து மணி நேரம் போல ஆகும். பகலில் தூக்கம் வரவில்லையென்று நீங்களாக மாத்திரையோ மதுவோ எடுக்கவே வேண்டாம். மது தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்க மாத்திரையை உங்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

நேர அட்டவணையை மாற்றியதும் இரண்டு வாரத்தில் அவரைப் போய்ப் பாருங்கள். கருவியின் மெமரி கார்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மாஸ்க் போட்ட பிறகும் மிஞ்சும் தடை மணிக்கு 5-க்குக் கீழ் இருக்கிறதா, காற்று கசிகிறதா என்பதெல்லாம் அதில் தெரியும். ராம்ப் நேரத்தையும் கேட்டுச் சரிசெய்துகொள்ளுங்கள். இந்த மூன்று வாரப் பரிசோதனையை அவரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். எந்த நாளில் எத்தனை நிமிடம் மாஸ்க் போட்டீர்கள் என்பது எப்படியும் அந்தக் கார்டில் பதிவாகியிருக்கும்.