பாடத்தோடு கலையை இணைப்பது என்றால் என்ன?

பாடத்தையும் கலையையும் ஒரே வேலையாகச் செய்வதுதான் இது. பாடம் முடிந்தபின் பொழுதுபோக்காகப் படம் வரையச் சொல்வது இதில் சேராது.

செம்பருத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு பூ, நெடுக்காக வெட்டியது. ஆளுக்கொரு ஏ4 தாள், பென்சில், 20 நிமிடம். பூவைப் பார்த்து வரையச் சொல்லுங்கள். மகரந்தத் தாள்கள், அதாவது பூவின் ஆண் உறுப்புகள், எங்கிருந்து கிளம்புகின்றன என்று பார்க்காமல் அவற்றை வரையவே முடியாது. அவை ஒரு குழாயாகச் சேர்ந்து, பெண் உறுப்பின் தண்டான சூல்தண்டைச் சுற்றி நிற்பது அப்போதுதான் கண்ணில் படும். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனால் வழி மறந்துவிடும். நாமே வண்டி ஓட்டினால் ஒவ்வொரு திருப்பமும் நினைவிருக்கும். அதே கதைதான். 2016இல் வெளியான கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக ஆய்விலும், சொற்களை எழுதிப் பார்த்ததைவிட, அவை குறிப்பதைப் படமாக வரைந்து பார்த்தபோது அச்சொற்கள் கூடுதலாக நினைவில் நின்றன.

பெரும்பாலும் கெடுவது ஓரிடத்தில்: ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டிவிடுவார். பிறகு யாரும் பூவைப் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்க்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். படம் காசளவுக்குச் சிறுத்தாலும் உள்ளுறுப்புகளுக்கு இடமிருக்காது. தாளை நிரப்பச் சொல்லுங்கள். முதல் 10 நிமிடம் அழிரப்பர் வேண்டாம்.

நன்றாக வரையும் பிள்ளைகளுக்குத்தான் இது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இங்கே திருத்துவது படத்தின் அழகை அல்ல, மகரந்தத் தாள்கள் சரியான இடத்தில் இருக்கின்றனவா என்பதைத்தான்.