மொன்றியலில் ஆங்கிலத்தை வைத்தே சமாளிக்கலாமா?

வேலை அனுமதியில் மொன்றியல் போகிறீர்கள், ஏழு வயதுப் பையன், பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். கடை, மெட்ரோ எல்லாம் ஆங்கிலத்திலேயே ஓடிவிடும். நகரின் மேற்குப் பக்கம் வீடு பார்த்தால் இன்னும் சுலபம். சிக்கல் அரசு அலுவலகங்களில்தான். 2022-இல் வந்த 96ஆம் சட்டப்படி, நீங்கள் வந்து ஆறு மாதம் ஆனபிறகு கியூபெக் அரசு (மொன்றியல் இருக்கும் மாநிலத்தின் அரசு) உங்களிடம் பெரும்பாலும் பிரெஞ்சில்தான் பேசும். மருத்துவத்துக்கு விலக்கு உண்டு. 811 என்ற மருத்துவ ஆலோசனை எண்ணை அழைத்து நர்ஸிடம் ஆங்கிலத்திலேயே கேட்கலாம்.

பையனை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்கத் தற்காலிக அனுமதி கேட்கலாம், ஆனால் அதிகபட்சம் மூன்று வருடம்தான். அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தால் நேராகப் பிரெஞ்சுப் பள்ளியில் போடுங்கள் என்பேன். (கொஞ்ச நாளில் அவனே உங்களைத் திருத்துவான், பாருங்கள்.) அப்புறம், ஃபிரான்சிசாசியோன் கியூபெக் என்ற அரசு அமைப்பு நடத்தும் இலவசப் பிரெஞ்சு வகுப்பு உங்களுக்கு உண்டு, ஆன்லைனிலும்தான். இடம் கிடைக்கத் தாமதமாகலாம், அதனால் போய் இறங்கியதுமே பதிந்துவிடுங்கள்.