சேற்று நண்டும் பூங்காவும்

அன்புள்ள ஐயா,
பொங்கல் விடுமுறையில், தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குப் போயிருந்தோம். கண்டல் (அலையாத்தி) மரங்களின் அடியில் சேறு முழுக்கச் சின்னச் சின்ன நண்டுகள். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருந்தது. அதை ஆட்டி ஆட்டித் தன்னைக் கூப்பிட்டதாக மகள் சொல்கிறாள். அந்தக் கொடுக்கு இரை பிடிக்கவா? அப்புறம், அந்தச் சேற்றை மண் போட்டு மூடிப் பூங்கா அமைத்தால் ஊருக்கு நல்லதுதானே?
– வாசகர், பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் பார்த்தது சரி, அது கூப்பிடத்தான் செய்கிறது. ஆனால் பெண் நண்டை. பிடில் நண்டு என்பார்கள். நம் கரைகளில் காணப்படும் ஒரு வகைக்கு ஆஸ்ட்ருகா அனுலிபஸ் என்று பெயர். ஓடு இரண்டு சென்டிமீட்டர் அகலம் இருந்தாலே பெரிது. ஆணுக்குத்தான் அந்தப் பெருங்கொடுக்கு. பெண்ணைக் கூப்பிடவும், குழிக்காக மற்ற ஆண்களோடு மல்லுக்கட்டவும்தான் அது உதவும். சாப்பாட்டுக்குச் சுத்தமாக உதவாது. சின்னக் கொடுக்கால் சேற்றைக் கிள்ளி வாயில் வைக்கும். அதிலுள்ள பாசியையும் நுண்ணுயிரையும் சலித்து எடுத்துக்கொண்டு, மிச்ச மண்ணைக் கடுகளவு உருண்டையாகக் கீழே போடும். குழியைச் சுற்றி அந்த உருண்டைகளைக் கவனித்திருப்பீர்கள். பெண்ணுக்கு இரண்டு கையாலும் சாப்பாடு, ஆணுக்கு ஒரே கை. அதனால் ஆண் கூடுதல் நேரம் மேய வேண்டியிருக்கிறது. சண்டையில் பெருங்கொடுக்கு போனால் மறுபடி முளைக்கும், ஆனால் பழைய பலம் வராது.

பூங்கா யோசனையை என்னால் ஏற்கவே முடியாது. தண்ணீர் ஏறும்போது இந்த நண்டு குழிவாயைச் சேற்றால் அடைத்து உள்ளே இருந்துகொள்ளும். வற்றினால் வெளியே வந்து மேயும். இந்த ஏற்ற இறக்கம் நின்றால் அதற்குப் பிழைப்பே இல்லை. கண்டல் மரத்துக்கும் நண்டு வேண்டும்: இறுகிய சேற்றுக்குள் காற்று போவது இந்தக் குழிகள் வழியாகவும்தான். அந்த வேர்களுக்கு நடுவேதான் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்கின்றன, புன்னைக்காயல்காரர்கள் கடலுக்குப் போவதே மீனை நம்பித்தான். ஏற்கெனவே தாமிரபரணித் தண்ணீர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிக் கடைமடைக்கு வருவது மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் குறைவு. அதோடு மண்ணையும் கொட்டினால் முகத்துவாரம் என்னாகும்? பூங்காவுக்கு மேட்டு நிலம் வேறு எங்கேயும் கிடைக்கும்.

மகளை இன்னொரு முறை, தண்ணீர் வற்றிய பகல் நேரமாகப் பார்த்துக் கூட்டிப்போங்கள். ஆள் அசைந்ததும் எல்லாம் குழிக்குள் ஓடிவிடும்; கொஞ்ச நேரம் ஆடாமல் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். எத்தனைக்கு வலது கொடுக்கு பெரிது, எத்தனைக்கு இடது என்று எண்ணச் சொல்லுங்கள். இந்த வகையில் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி வரும்.

அன்புடன்