நகையை அடகு வைக்காதீர்கள் அம்மா, மகள் பி.எட். படிக்கட்டும்

விருதுநகர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டாள். கல்லூரியில் படிக்கும்போதே தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் டியூஷன் எடுத்தவள், பி.எட். சேர வேண்டும் என்கிறாள். சென்னையில் இருக்கும் தாய்மாமாவோ, "வாத்தியார் வேலையில் என்ன இருக்கிறது? தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.சி.ஏ. சேர்த்துவிடு" என்று விடாமல் போன் செய்கிறாராம். கட்டணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்று கேட்கிறார்.

அம்மா, உங்கள் பயம் புரிகிறது. ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேர்ச்சி பெற்றும், ஆசிரியர் தேர்வு வாரியமான டிஆர்பியின் வேலை அறிவிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். இருந்தாலும் நகையைத் தொடாதீர்கள். கம்ப்யூட்டர் படிப்பில் மனம் ஒட்டாத பெண்ணைக் கடன் வாங்கிச் சேர்த்தால், 2 வருடம் கழித்து வட்டிதான் கையில் நிற்கும். அந்த வட்டியை மாமா கட்டப்போவதில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு யோசனையும் இருக்கிறது. "பி.எட்.தான் வேண்டுமென்றால், போகாமலேயே பட்டம் தரும் கல்லூரி இருக்கிறது, வீட்டிலிருந்தே டெட்டுக்குப் படிக்கட்டும்" என்று சித்தப்பா சொல்கிறாராம். எம்.சி.ஏ.வைவிட இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். சைதாப்பேட்டை, புதுக்கோட்டை, ஒரத்தநாடு, குமாரபாளையம் என்று அரசுக் கல்வியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அரசு உதவி பெறும் கல்லூரிகளும் உண்டு. முதலில் அவற்றுக்கு விண்ணப்பியுங்கள், செலவு பெரிய அளவில் குறையும். எங்கே சேர்ந்தாலும் தினமும் வகுப்புக்குப் போகிற இடமாக இருக்கட்டும்.

காரணம், பள்ளியில் கிடைக்கும் பயிற்சி. 2015-இல் பி.எட். 2 வருடப் படிப்பானது. பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திப் பழகும் இன்டர்ன்ஷிப்புக்கு 2-ஆம் ஆண்டில் 16 வாரம் வைத்தார்கள். அந்தப் பொன்னான வாரங்களில் பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறார்கள்? சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதி, சார்ட்டைக் கடையில் வாங்கி ஒட்டி, கையெழுத்து வாங்குகிறார்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அந்த ரெக்கார்டு பரணுக்குப் போய்விடுகிறது. வேலை கேட்டுப் போகும்போது காட்ட மதிப்பெண் பட்டியலைத் தவிர எதுவும் இருப்பதில்லை.

உங்கள் மகள் அந்த ரெக்கார்டை இணையத்தில் ஒரு போர்ட்ஃபோலியோவாக வைக்கட்டும். தான் எப்படிப் பாடம் நடத்துகிறேன் என்பதைச் சான்றுகளோடு காட்டும் பக்கங்கள் அவை. வெப்சைட் அமைக்க உதவும் கூகுள் சைட்ஸில் இலவசமாகவே செய்யலாம், கோடிங் தேவையில்லை, படமும் வீடியோவும் எடுக்கக் கையில் இருக்கும் செல்போன் போதும்.

ஒரு பக்கம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். 7-ஆம் வகுப்புக்குப் பின்னக் கூட்டல் நடத்துகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவள் போட்ட லெசன் பிளான். அடுத்து, 1/2-உம் 1/3-உம் சேர்ந்தால் 2/5 என்று எழுதிய ஒரு மாணவனின் நோட்டுப் படம், பெயர் மறைக்கப்பட்டு. மேலே உள்ள எண்களைத் தனியாகவும் கீழே உள்ளவற்றைத் தனியாகவும் கூட்டியிருக்கிறான் என்று அவள் கண்டுபிடித்த குறிப்பு. மறுநாள் ஒரு காகிதப் பட்டையை 6 சமப் பங்காக மடிக்கச் சொல்லி, பாதி என்பது 3 பங்கு, மூன்றில் ஒன்று என்பது 2 பங்கு, ஆக 5/6 என்று பிள்ளைகளையே எண்ண வைத்த 3 நிமிட வீடியோ. அதையே ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் செய்த கோப்பு. கடைசியாக, எத்தனை பேருக்குப் புரிந்தது, அடுத்த முறை எதை மாற்றுவேன் என்று அவளே எழுதிய 10 வரி. அந்த 10 வரிதான் உயிர். வீடியோ சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, அந்த வரிகளை இரவல் வாங்கக் கூடாது.

இப்படி 8, 10 பக்கம் நேர்மையாகச் செய்தால் போதும். தனியார் பள்ளியில் டெமோ வகுப்புக்குக் கிடைப்பது கொஞ்ச நேரம்தான். இந்த லிங்க்கை முன்கூட்டியே அனுப்பிவிட்டால், தலைமையாசிரியர் அவளுடைய 2 வருட உழைப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். பாடப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களும் செய்த வேலையின் மாதிரியைத்தான் கேட்கின்றன. அரசுப் பள்ளியிலும் நிலைமை மாறிவிட்டது. பாடநூலில் க்யூஆர் கோடு, இணையத்தில் பாடங்கள் தரும் தீக்ஷா தளம், கம்ப்யூட்டர்கள் உள்ள ஹைடெக் லேப் என்று எல்லாம் வந்தாயிற்று. கருவியை வைத்துப் பாடம் நடத்தத் தெரிந்தவருக்கு அங்கும் மதிப்பு உண்டு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். டெட் தேர்விலோ டிஆர்பி தேர்விலோ போர்ட்ஃபோலியோவுக்கு ஒரு மதிப்பெண்கூட கிடையாது. அவற்றுக்குத் தனியாகப் படித்தே ஆக வேண்டும். "ஆசிரியர்களுக்கான வெப்சைட் செய்து தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உதவி பெறும் பள்ளியில் லட்சக்கணக்கில் கொடுத்தால் போஸ்டிங் என்று வருகிற புரோக்கரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பிள்ளைகளின் முகம், பெயர், பள்ளிச் சீருடை எதுவும் பக்கத்தில் தெரியக் கூடாது. பலகை, கைகள், நோட்டு இவை போதும். படம் எடுக்கும் முன் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். இதில் சமரசமே கூடாது.

கல்லூரி திறக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். டியூஷன் பிள்ளைகளின் பெற்றோரிடம் அனுமதி கேட்டு, இந்த வாரமே ஒரு பாடத்தை வைத்து முதல் பக்கத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். முடிந்ததும் லிங்க்கை எனக்கு அனுப்பட்டும், படித்துவிட்டு எங்கே திருத்த வேண்டும் என்று எழுதுகிறேன்.