வாரிப் போட்ட பாசி மறுபடி முளைப்பது ஏன்?

கேள்வி: எங்கள் குளத்தில் தண்ணீருக்குள் மூழ்கியபடியே ஒரு பாசி மண்டிக் கிடக்கிறது. அது ஹைட்ரில்லாதானா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: பேச்சுவழக்கில் பாசி என்கிறோம். ஆனால் ஹைட்ரில்லா வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள செடி. ஒரு தண்டை எடுத்துக் கணுவைப் பாருங்கள். கணுவுக்கு 3 முதல் 8 இலைகள், பெரும்பாலும் ஐந்து, வட்டமாகச் சுற்றி நிற்கும். இலை ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம் இருக்கும். ஓரம் ரம்பப் பல். தண்டை இரு விரல்களுக்கு நடுவே வைத்து உருவினால் சொரசொரவென்று இருக்கும். எலோடியாவும் பார்க்க இப்படித்தான், ஆனால் கணுவுக்குப் பெரும்பாலும் மூன்றே இலை, தொட்டால் வழவழப்பு. இலைகள் கவைகவையாகப் பிளந்து நரிவால் போலத் தெரிந்து, வேரே இல்லாவிட்டால் அது செரட்டோஃபில்லம். அடியிலிருந்தே நாடா நாடாவாக எழுந்தால் வாலிஸ்நேரியா. இன்னும் சந்தேகம் தீரவில்லையென்றால் அடிச்சேற்றோடு தோண்டிப் பாருங்கள். வேர்த்தண்டின் நுனியில் பட்டாணி அளவுக் கிழங்கு இருந்தால் அது ஹைட்ரில்லாவேதான்.

கேள்வி: போன வருடம் ஆள் வைத்து முழுக்க வாரினோம். சில வாரங்களில் முன்பைவிட அடர்ந்து வந்துவிட்டது. எங்கே தவறு?

பதில்: நீங்கள் வாரியது பாதிச் செடியை. மீதி சேற்றுக்குள் இருக்கிறது. பகல் குறுகும் மாதங்களில் இந்தச் செடி மண்ணுக்குள் நிறையக் கிழங்கு கட்டும். அவை ஒரு சாண் ஆழம் வரைகூட இறங்கிக் கிடந்து, முளைக்காமலே சில ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். இலைக்கக்கத்திலும் சிறு மொட்டுகள் உருவாகி உதிர்ந்து தனிச் செடியாகும். போதாததற்கு, வாரும்போது அறுந்த துண்டுகள். இரண்டு மூன்று கணு உள்ள துண்டு எங்கே ஒதுங்கினாலும் வேர் பிடித்துவிடும். அரிவாளால் அறுத்து அப்படியே மிதக்கவிடுவது நாற்று நடுவதற்குச் சமம்.

அதனால் முதலில் வாரும் பகுதியைச் சுற்றி வலை கட்டுங்கள். தண்டை நடுவில் அறுக்காமல் நீண்ட பல் உள்ள வாருகோலால் வேரோடு இழுங்கள். மிதக்கும் துண்டுகளை அன்றே அரித்தெடுங்கள். வாரியதைக் கரையிலேயே குவித்தால் அடுத்த மழை அதை மீண்டும் தண்ணீரில் சேர்த்துவிடும். தள்ளிக் கொண்டுபோய்க் காயவைத்து எருவாக்குங்கள். படகு, வலை, வாளி எல்லாவற்றையும் வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் வேறு குளத்தில் இறக்காதீர்கள்.

குளத்தை வற்றவைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சேறு மேலே வெடித்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தால் கிழங்கு சாகாது. வற்றிய குளத்தில் தண்ணீர் விட்டதும் கிழங்குகள் ஒன்றாக முளைக்கும். அந்த இளஞ்செடிகள் புதுக் கிழங்கு கட்டுவதற்குள் வாரிவிட வேண்டும். இதுதான் சரியான தருணம். பெரும்பாலோர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் விடாமல் செய்தால்தான் கிழங்கின் கையிருப்பு குறையும்.

புல்கெண்டை ஹைட்ரில்லாவை ஆசையாகத் தின்னும். ஆனால் முக்கால் அடிக்குக் குறைந்த குஞ்சுகளை விட்டால் விரால் விழுங்கிவிடும். அளவுக்கு மீறி விட்டாலோ எல்லாச் செடியையும் மேய்ந்து தீர்க்கும். அப்புறம் தண்ணீர் பச்சைக் கூழாகிவிடும். செடி உறிஞ்சிய சத்தை நுண்பாசி எடுத்துக்கொள்வதே காரணம். செடியை அடியோடு ஒழிக்க முயலாதீர்கள். குளத்தின் கால் பங்கில் இருக்கட்டும். மீன்குஞ்சுக்கு ஒளிய இடம் வேண்டும், நத்தைக்கும் பூச்சிக்கும் அதுதான் வீடு.

கேள்வி: இவ்வளவு பச்சை இருந்தும் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திணறுகின்றன. செடி ஆக்சிஜன் தருவதுதானே?

பதில்: வெயில் இருக்கும்வரை தரும். இரவில் செடியும் மீனும் சேர்ந்து அதே ஆக்சிஜனைத்தான் செலவழிக்கின்றன. சூரியன் உதிப்பதற்குச் சற்று முன் அளவு மிகவும் குறைந்துவிடும். தொடர்ந்து இரண்டு மூன்று நாள் மேகம் மூடியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஹைட்ரில்லா மேற்பரப்பை எட்டியதும் கிளைத்துப் பாய்போல விரிவதால் காற்றும் கீழே கலப்பதில்லை. உடனடியாகச் செய்ய வேண்டியது, பம்ப் வைத்துத் தண்ணீரை மேலே வீசியடித்து மழைபோலக் குளத்தில் விழச் செய்வது. செடியை மருந்தடித்து ஒரேயடியாகக் கொல்லவே கூடாது. அழுகும் செடி எஞ்சிய ஆக்சிஜனையும் தின்றுவிடும். ஒரு தடவைக்கு மூன்றில் ஒரு பங்கு, பிறகு இரண்டு வார இடைவெளி.

கேள்வி: பள்ளியில் ஹைட்ரில்லாத் தண்டை ஒரு முகவைத் (கண்ணாடிக் குவளை) தண்ணீரில் வைத்து, அதன் மேல் புனலைக் கவிழ்த்து ஒளிச்சேர்க்கை சோதனை செய்தோம். குமிழே வரவில்லை.

பதில்: தண்டை எந்தப் பக்கமாக வைத்தீர்கள் என்று பாருங்கள். வெட்டுவாய் மேல்நோக்கிப் புனலின் குழாய்க்குள் இருக்க வேண்டும். குமிழ் அந்த வெட்டுவாயிலிருந்துதான் வரும். நுனிப்பக்கத்து இளந்தண்டை எடுத்து, தண்ணீருக்குள் வைத்தே கூரிய பிளேடால் வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கிக் காற்றறைகளை அடைத்துவிடும். கொதித்து ஆறிய நீர் உதவாது, அதில் கரியமில வாயு இருக்காது. ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் குறை தீரும். புனல் முகவையின் அடியை ஒட்டாதபடி சிறு கற்கள் மேல் நிற்கட்டும். வெயிலில் வைத்துச் சில நிமிடங்கள் பொறுங்கள். வெட்டுவாயில் ஊசித்தலை அளவில் ஒரு முத்து திரண்டு, சற்றே நின்று, கழன்று மேலேறும். பிறகு சீராக ஒன்றன்பின் ஒன்றாக வரும்.